உப்பு இருக்கும் பக்கம் நீர் செல்லும்

சலைன் பாட்டில் தொங்கும் படுக்கையின் அருகே நின்று நோயாளிகளின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் சில உண்டு. "பாட்டிலில் இருப்பது வெறும் உப்புத் தண்ணீர்தானே, டாக்டர்?" "உடம்பு சோர்வாக இருக்கிறது. ஒரு குளுக்கோஸ் ஏற்றிவிடக் கூடாதா?" "குழந்தைக்குப் பேதி நிற்கவில்லை, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு தம்ளர் நீரில் கெட்டியாகக் கலந்து கொடுத்தால் சீக்கிரம் தேறாதா?" "அப்பாவுக்குச் சோடியம் குறைவு என்கிறீர்கள். உப்பைக் கொடுத்து இன்றைக்கே சரிசெய்ய முடியாதா?"

இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. பள்ளிப் பருவத்தில் உருளைக்கிழங்கைக் குடைந்து, அதனுள் சர்க்கரைக் கரைசலை ஊற்றி, நீர் நிறைந்த பாத்திரத்தில் வைத்துச் செய்த சோதனை உங்களுள் பலருக்கு நினைவிருக்கலாம். அந்தச் சவ்வூடு பரவல்தான் செடியின் வேரிலும், நம் இரத்தத்திலும், மூளையிலும் ஒவ்வொரு நொடியும் நடைபெறுகிறது. அதைச் சற்று விளங்கிக்கொண்டால், மருத்துவர்கள் ஏன் நீரையும் உப்பையும் மருந்தைப் போல அளந்து கொடுக்கிறார்கள் என்பது புரியும்.

நீர் எந்தப் பக்கம் செல்லும்?

ஒரு மெல்லிய சவ்வின் இருபுறமும் நீர் இருப்பதாகக் கொள்வோம். ஒருபுறம் தூய நீர். மறுபுறம் உப்பு கரைந்த நீர். அந்தச் சவ்வு நீரைக் கடக்க விடும். உப்பை எளிதில் விடாது. நீர் மூலக்கூறுகள் ஓயாது அசைந்துகொண்டே இருப்பவை. தூய நீர் உள்ள பக்கத்திலிருந்து மிகுதியானவை சவ்வைக் கடக்கின்றன; உப்பு கரைந்த பக்கத்திலிருந்து குறைவானவையே திரும்புகின்றன. வரவு செலவைக் கணக்கிட்டால், செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலை நோக்கி நீர் செல்கிறது. இதுவே சவ்வூடு பரவல். உப்பு மட்டுமன்று, சர்க்கரை, யூரியா, பொட்டாசியம் என எது கரைந்திருந்தாலும், கரைந்த துகள்களின் எண்ணிக்கையே நீரின் போக்கைத் தீர்மானிக்கிறது.

1748ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் நோலே, சாராயம் நிரப்பிய பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டி நீருக்குள் அமிழ்த்தினார். நீர் உள்ளே புகுந்து அச்சவ்வு புடைத்தெழுந்தது. நம் வீடுகளில் இதற்கு இணையான காட்சிகள் பல உண்டு. மாவடுவில் உப்பிட்டு ஜாடியில் வைத்தால், ஒரு சொட்டு நீர் ஊற்றாமலே மறுநாள் நீர் ஊறி நிற்கும். பாயசத்தில் இட்ட உலர்திராட்சை உப்பி உருளும். கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் மீனுக்கு உப்பிட்டுக் கருவாடு போடுகிறவர்கள் செய்வதும் இதையே. உப்பு மீனின் நீரை வெளியே இழுக்கிறது. மீனை அழுகச் செய்யும் நுண்ணுயிரிகளின் நீரையும் இழுத்துவிடுவதால் கருவாடு கெடாமல் இருக்கிறது.

சுவர் உள்ள செல்

தாவரச் செல்லுக்குச் சவ்வின் வெளியே செல்லுலோசால் ஆன உறுதியான சுவர் ஒன்று உண்டு. வேரின் செல்களுக்குள் மண்ணின் நீரைவிடக் கரைபொருள்கள் மிகுதி. ஆகவே நீர் உள்ளே புகுகிறது, செல் விறைக்கிறது, சுவர் அதை எதிர்த்து அழுத்துகிறது. ஓர் எல்லைக்கு மேல் நீர் புக இடமில்லை. எனவே எவ்வளவு மழை பெய்தாலும் செடியின் செல் எளிதில் வெடிப்பதில்லை. வாடிய கீரைக்கட்டின் மீது நீர் தெளித்தால் இலைகள் நிமிர்வது இந்த விறைப்பினால்தான்.

மண்ணில் உப்பு மிகுந்துவிட்டால் கதை தலைகீழாகிறது. செல்லின் உள்ளடக்கம் நீரை இழந்து சுருங்கிச் சுவரைவிட்டு விலகுகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர், நாகப்பட்டினம் மாவட்டக் கடலோர வயல்களில் விவசாயிகள் கண்ட துயரம் இதுவே. மண்ணில் ஈரம் இருந்தது. ஆனால் வேர்களால் அந்த ஈரத்தை உறிஞ்ச இயலவில்லை. மழைநீரும் நன்னீரும் பாய்ந்து உப்பைக் கழுவிய பின்னரே நிலம் மீண்டது.

பிச்சாவரம் சொல்லும் பாடம்

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அத்தகைய நீரில் நின்றுகொண்டே தழைக்கும் மரங்கள் நம் ஊருக்கு மிக அருகில் உள்ளன. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு 2022இல் ராம்சார் ஈரநிலம் என்ற பன்னாட்டுச் சிறப்பு கிடைத்தது. சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை என்பதே ஓர் அலையாத்தி மரத்தின் பெயர்தான். நடராசர் கோயிலின் தலமரமும் அதுவே.

இம்மரங்கள் உப்பைக் கையாளும் முறைகள் பலவகை. சுரபுன்னையின் வேர் உப்பின் பெரும்பகுதியை வாயிலிலேயே தடுத்து நிறுத்திவிட்டு நீரை மட்டும் உள்ளே இழுக்கிறது. வீடுகளில் உள்ள ஆர்.ஓ. இயந்திரம் மின்விசையால் செய்வதை, அம்மரம் இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவிசையால் செய்கிறது. வெண்கண்டல் மரமோ உள்ளே வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. அதன் இலையைத் தடவிப் பார்த்தால் விரலில் உப்பு ஒட்டும்.

இந்த மரங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆங்கிலேயர் காலந்தொட்டுப் பிச்சாவரத்தில் பகுதி பகுதியாக மரங்கள் வெட்டப்பட்டன. வெட்டவெளியான நிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது; ஓதத்தின்போது வந்த நீர் வடியாமல் அங்கேயே தேங்கி ஆவியாயிற்று; உப்பு ஏறிக்கொண்டே போயிற்று. அந்த அளவு உப்பை அலையாத்திகளாலும் தாங்க இயலவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் சேர்ந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீர் வந்துபோக வழி செய்தன. உப்பின் செறிவு தணிந்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன. நீர் இருந்தால் மட்டும் போதாது, நீருக்கும் உப்புக்கும் உள்ள விகிதம் சரியாக இருக்க வேண்டும் என்பதே அந்தக் காடு மீண்ட கதையின் சாரம். நம் உடலுக்கும் அது பொருந்தும்.

சுவர் இல்லாத செல்

விலங்குகளின் செல்லுக்கு, மனிதச் செல்லுக்கும்தான், சுவர் கிடையாது. மெல்லிய சவ்வு மட்டுமே உண்டு. இரத்தச் சிவப்பணுவைத் தூய நீரில் இட்டால், நீர் புகுந்து அது உப்பி வெடித்துவிடும். மிகுந்த உப்புக் கரைசலில் இட்டால் நீரை இழந்து சுருங்கிவிடும். தூய நீரை ஒருபோதும் இரத்தக் குழாயில் ஏற்றக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் எவ்வளவு உப்பு சரியானது? இதற்கு விடை காணும் வழியைத் தாவரமே காட்டிற்று. 1880களில் நெதர்லாந்தின் ஹியூகோ டி விரீஸ், எந்தச் செறிவில் தாவரச் செல் சுருங்கத் தொடங்குகிறது என்று அளந்துகொண்டிருந்தார். அந்த ஆய்வால் தூண்டப்பட்ட அவருடைய நாட்டவரான ஹாம்பர்கர், அதே கேள்வியை இரத்தச் சிவப்பணுக்களிடம் கேட்டார். லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்பு என்ற அளவில் மனிதச் சிவப்பணு உப்புவதுமில்லை, சுருங்குவதுமில்லை. இன்று நீங்கள் பார்க்கும் சலைன் பாட்டிலில் 0.9 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பது இந்த அளவைத்தான்.

சுவர் இல்லாத குறையை நம் உடல் வேறு வழிகளில் ஈடுகட்டுகிறது. ஒவ்வொரு செல்லும் சோடியத்தை இடைவிடாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இரத்தத்தின் செறிவு சிறிது ஏறினாலும் மூளை அதை உணர்ந்து தாகத்தை எழுப்புகிறது. வாசோபிரசின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஹார்மோன் சிறுநீரகக் குழாய்களில் அக்குவாபோரின் எனப்படும் நீர்வாயில்களைத் திறந்துவிட, நீர் சிறுநீரில் வீணாகாமல் இரத்தத்துக்குத் திரும்புகிறது. இந்த வாயில்களைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சுருக்கமாகச் சொன்னால், தாவரத்துக்குச் சுவர் செய்யும் காவலை நமக்குத் தாகமும் சிறுநீரகமும் செய்கின்றன. இவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் நீரின் அளவை நாம் கவனித்துக் காக்க வேண்டியதாகிறது.

பாட்டிலில் இருப்பது என்ன?

500 மில்லிலிட்டர் சலைன் பாட்டிலில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. ஒருவர் ஒரு நாள் முழுவதும் 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்த நாளத்துக்குள் ஏற்றிய இந்த உப்பு பெரும்பாலும் செல்லுக்குள் நுழையாமல் வெளியிலேயே தங்கும். நீரையும் தன்னுடன் பிடித்து வைத்துக்கொள்ளும். வாந்தி, பேதியால் நீரிழந்தவருக்கு அது உயிர் காக்கும். இதயமோ சிறுநீரகமோ தளர்ந்தவருக்கு அதே பாட்டில் கால் வீக்கத்தையும் மூச்சுத் திணறலையும் கொண்டுவரக்கூடும்.

"குளுக்கோஸ்" என்று நாம் சொல்லும் பாட்டில் வேறு வகை. 5 விழுக்காடு குளுக்கோஸ் கரைசல் 500 மில்லிலிட்டரில் 25 கிராம் குளுக்கோஸ் உள்ளது. இரண்டு இட்லி தரும் ஆற்றலுக்கு அது ஏறக்குறைய ஈடு. பாட்டிலில் இருக்கும்வரை அதன் செறிவு இரத்தத்தின் செறிவை ஒத்திருக்கும். உள்ளே சென்றதும் குளுக்கோசைச் செல்கள் எடுத்துக்கொள்ள, எஞ்சுவது வெறும் நீரே. அந்த நீர் செல்களுக்குள்ளும் புகும். ஏற்கெனவே சோடியம் குறைந்தவருக்கு அது தீங்காக முடியலாம். எனவே சாப்பிட இயலும் ஒருவருக்குச் சோர்வு நீங்க டிரிப் ஏற்ற வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். சோர்வுக்கான காரணத்தைக் கண்டறிவதே முதல் வேலை.

சில வேளைகளில் சவ்வூடு பரவலையே மருந்தாகப் பயன்படுத்துகிறோம். மூளை வீங்கிய நோயாளிக்கு மானிட்டால் அல்லது 3 விழுக்காடு சலைன் செலுத்தி, மூளைத் திசுவின் மிகை நீரை இரத்தத்துக்கு இழுக்கிறோம். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் வயிற்றறையில் விடப்படும் குளுக்கோஸ் கரைசல், வயிற்றின் உட்சவ்வு வழியாக உடலின் மிகை நீரை வெளிக்கொணர்கிறது.

ஓ.ஆர்.எஸ்.: அளவே மருந்து

பேதியின்போது வெறும் தண்ணீர் கொடுத்தால் இழந்த உப்பு திரும்பாது. உப்பு நீர் மட்டும் கொடுத்தால் குடல் அதை நன்கு ஈர்க்காது. குடலின் சுவரில் சோடியமும் குளுக்கோசும் இணைந்து நுழையும் வாயில் ஒன்று உண்டு. கடுமையான காலராவிலும் அது பழுதடைவதில்லை. உப்பும் சர்க்கரையும் கைகோத்து உள்ளே செல்ல, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது.

1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் போன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 விழுக்காடு அளவுக்கு இருந்த இறப்பு, இக்கரைசல் பெற்றவர்களிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அந்த மருத்துவத்தைச் செய்த கைகளில் பெரும்பாலானவை உங்களைப் போன்ற பராமரிப்பாளர்களின் கைகளே.

2002இல் உலகச் சுகாதார நிறுவனம் திருத்திய வாய்பாட்டின்படி, ஒரு லிட்டர் கரைசலில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்கும். இதன் மொத்தச் செறிவு 245 அலகுகள். இரத்தத்தின் செறிவு 290க்கு அருகில். கரைசல் சற்று நீர்த்திருப்பதால் நீர் குடலிலிருந்து இரத்தத்துக்குச் செல்கிறது. ஒரு லிட்டர் பொட்டலத்தை 200 மில்லிலிட்டர் தம்ளரில் கலந்தால் செறிவு 5 மடங்கு ஏறி 1,200ஐத் தாண்டிவிடும். அப்போது இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இறங்கும்; பேதி பெருகும்; குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு உயரலாம். இனிப்பு மிகுந்த குளிர்பானங்களும் இவ்வாறே பேதியைக் கூட்டும்.

சோடியத்தை ஏன் மெதுவாக உயர்த்துகிறோம்?

ஆய்வறிக்கையில் சோடியம் 135 முதல் 145 வரை இருப்பது இயல்பு. முதியோரிடம் இது குறைவதற்குக் காரணம், பெரும்பாலும் உண்ட உப்பு போதாமை அன்று. இருக்கும் உப்புக்கு மிஞ்சிய நீர் உடலில் தங்குவதே. இரத்த அழுத்தத்துக்கான சில நீர்ப்போக்கு மாத்திரைகள், தொடர் வாந்தி, நுரையீரல் தொற்று, உணவு குறைந்து நீர் மட்டும் அருந்துதல் எனக் காரணங்கள் பல. இரத்தம் நீர்த்துப்போனால் நீர் செல்களுக்குள் புகும். கையிலும் காலிலும் உள்ள செல்கள் வீங்கினால் இடம் உண்டு. மூளையோ மண்டையோட்டுக்குள் அடைபட்டது. அது வீங்க இடமில்லை. அதனால் குமட்டல், தலைவலி, தடுமாற்றம், பொருத்தமில்லாத பேச்சு, தூக்க மயக்கம், வலிப்பு எனப் படிப்படியாக முற்றும். "வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது" என்று எண்ணி வீட்டிலேயே நாள்களைக் கடத்திவிடுவது இங்குதான். ஓரிரு நாள்களில் புதிதாகத் தோன்றிய குழப்பம் முதுமை அன்று. அது நோயின் அறிகுறி.

சோடியம் மெல்லக் குறைந்தவரின் மூளைச் செல்கள், ஏறக்குறைய இரண்டு நாளில், தம்முள் இருந்த கரைபொருள்களை வெளியேற்றி வீக்கத்தைத் தணித்துக்கொள்கின்றன. அந்நிலையில் இரத்தத்தின் சோடியத்தைத் திடீரென உயர்த்தினால், அச்செல்களிலிருந்து நீர் வேகமாக வெளியேறி, நரம்புகளின் உறை சிதைந்து பேச்சும் அசைவும் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். ஆகவே 24 மணி நேரத்தில் 8 முதல் 10 அலகுகளுக்கு மேல் உயரவிடுவதில்லை. வலிப்பு வந்துவிட்டால் மட்டும் 3 விழுக்காடு சலைனைச் சிறிதளவு விரைந்து செலுத்தி ஆபத்தைத் தணித்து, பின்னர் நிதானிக்கிறோம். 110 என்று வந்தவர் 130ஐ எட்ட இரண்டு மூன்று நாள்கள் ஆவதும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுப்பதும் இதனால்தான். சிலருக்கு உப்பைக் கூட்டாமல் குடிநீரைக் குறைக்கச் சொல்வதும் இதனால்தான்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

• ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எத்தனை மில்லிலிட்டர் நீர் என்று படித்து, அளந்தே கலக்குங்கள். ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலமும் 200 மில்லிலிட்டருக்கான சிறிய பொட்டலமும் கடைகளில் கிடைக்கின்றன. கலந்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். சர்க்கரையோ உப்போ மேலும் சேர்க்காதீர்கள்.

• பொட்டலம் கிடைக்காத மழை, வெள்ளக் காலங்களில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் மோரும் உதவும்.

• குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மருந்து தந்திருந்தால், பேதி நின்ற பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

• இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. அது ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்றாகாது. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் அருந்தக் கூடாது.

• இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று சொல்லப்பட்ட நீரின் கணக்கில் காபி, மோர், ரசம், கஞ்சி ஆகியவற்றையும் சேருங்கள். நாள்தோறும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் தெரிவியுங்கள்.

• முதியவர் நீர்ப்போக்கு மாத்திரை உட்கொள்பவராக இருந்து வாந்தியோ பேதியோ கண்டால், அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். சோடியம் குறைவு என்று அறிந்து உப்பை வாயில் இடுவதும், உப்பு மாத்திரைகளைத் தாமாகக் கொடுப்பதும் வேண்டாம்.

• குழந்தைக்குக் கண்கள் குழிவிழுதல், அழுதும் கண்ணீர் வராமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, மயக்கம், மலத்தில் இரத்தம். பெரியவர்களுக்குப் புதிதாகத் தோன்றிய குழப்பம், வலிப்பு, மூச்சுத் திணறல்: இவற்றுள் எது கண்டாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வரும்போது அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், கடைசியாக எடுத்த இரத்த ஆய்வறிக்கையையும் உடன் கொண்டுவாருங்கள். எவ்வளவு நீரை, எவ்வளவு உப்பை, எந்த வேகத்தில் கொடுப்பது என்பதை நாங்கள் முடிவுசெய்ய அவையே முதல் துணை.